வேப் ராங்குக்கு ஏற்ற பற்றரி எது?

கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் நேரம். கார்த் தரிப்பிடத்தில் எம்மோடு நின்று கதைத்துக்கொண்டிருந்த சங்க அங்கத்தவர் ஒருவர் திடீரென்று தன் ஜக்கற்றைக் கழற்றித் தூர எறிந்தார். பொக்கற்றிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதற்குள் வீட்டுத் திறப்பு, சில்லறைக் காசு, வேப்புக்கான மேலதிகப் பற்றரி ஒன்று, எல்லாம் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. நாம் பிள்ளைகளை அப்பால் கொண்டுபோவதற்குள் சீறும் சத்தத்தோடு தீ எழுந்து, துணியில் கையளவு ஓட்டை விழுந்துவிட்டது. அண்ணருக்கு உள்ளங்கையில் ஒரு கொப்புளம் மட்டுந்தான். ஜக்கற்றைக் கழற்ற இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இவர் 28 வருடம் சிகரட் பிடித்தவர். பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை. நெஞ்சுவலி வந்து ஸ்ரென்ற் வைத்த பிறகு, வைத்தியர் சொல்லி, வேப்புக்கு மாறி ஒன்றரை வருடமாகச் சிகரட்டைத் தொடாமல் இருப்பவர். அன்று மாலை அவருடைய மனைவி எமக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உதைத் தூக்கிக் குப்பையிலை போடச் சொல்லட்டோ? போட்டால் பழையபடி சிகரட்டுக்குத்தான் போவார். போடாட்டில் ஒருநாளைக்கு வீடு எரிஞ்சுபோமோ எண்டு பயமாக் கிடக்கு."

அக்காவுக்கு உடனே பதில் சொல்ல எமக்குத் தெரியவில்லை. பிறகு விசாரித்தும் வாசித்தும் அறிந்ததையே இங்கே எழுதுகிறோம். பிரித்தானியாவில் ஒருமுறை பாவித்து எறியும் வேப்புகளின் விற்பனை 2025 ஜூன் 1ஆம் திகதி முதல் தடைசெய்யப்பட்டது. அதன்பின், திரும்ப நிரப்பும் ராங்க், திரும்ப சார்ஜ் பண்ணும் பற்றரி ஆகியவற்றுக்கு மாறியவர்கள் பலர். எம்மவர்கள் நடத்தும் கடைகளிலும் "இந்த ராங்குக்கு எந்தப் பற்றரி சரி?" என்ற கேள்வி வருகிறது. கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கும் பல வேளைகளில் விடை தெரிவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது சிகரட்டை விட்டவர்களுக்கும் விட முயல்பவர்களுக்குமான கட்டுரை. சிகரட் பிடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேப் தேவையே இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது இங்கே குற்றம். சிகரட்டை விட்டு முழுமையாக வேப்புக்கு மாறுபவருக்குத் தீங்கு மிகவும் குறைவு, ஆனால் தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது என்பதுதான் என்.எச்.எஸ் சொல்வது. உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பும், ஒட்டும் பாச், சுவிங்கம் போன்றவற்றைவிட நிக்கொற்றின் உள்ள வேப் கூடுதலானோருக்குச் சிகரட்டை விட உதவுகிறது என்று கண்டிருக்கிறது. ஆகவே அக்காவின் பயம் இரண்டு பக்கமும் நியாயமானதுதான்.

கருவியின் உள்ளே இருப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ராங்கில் திரவம். அதன் நடுவே பஞ்சு சுற்றிய சிறு கம்பிச்சுருள். இதைக் கொயில் என்கிறார்கள். (போனில் அக்கா இதைக் "கோயில்" என்று விளங்கிக்கொண்டு, "கோயிலுக்கும் உதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்று கேட்டார்.) பற்றரியிலிருந்து மின்னோட்டம் பாய்ந்து கொயில் சூடாக, திரவம் ஆவியாகிறது. எனவே பற்றரி எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கொயில்தான். கடையில் கேட்கவேண்டிய முதற் கேள்வி "இதில் எந்தப் பற்றரி பொருந்தும்?" என்பதாக இருக்கக்கூடாது. பெரும்பாலான ராங்குகளின் அடியில் 510 எனப்படும் ஒரே அளவான திருகுமரை இருப்பதால், பொருந்தாத பற்றரியும் அழகாகப் பூட்டுப்படும். "இந்தக் கொயில் எத்தனை ஓம்?" என்பதே சரியான கேள்வி. அந்த இலக்கம் கொயிலின் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை வாற்றில் பாவிக்கலாம் என்பதும் அநேகமாக அதிலேயே இருக்கும்.

ஊரில் ஓ.எல் விஞ்ஞானத்தில் படித்த ஓமின் விதி இப்போதுதான் எமக்கு உதவுகிறது. வோல்ற்றைத் தடையால் பிரித்தால் மின்னோட்டம். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் அயன் கலத்தில் 4.2 வோல்ற்று இருக்கும். கொயில் 1.8 ஓம் என்றால் பாய்வது 2.3 அம்பியர். 0.5 ஓம் என்றால் 8.4 அம்பியர். 0.15 ஓம் என்றால் 28 அம்பியர். கொயிலின் இலக்கம் சிறிதாகச் சிறிதாகப் பற்றரியின் சுமை ஏறுகிறது. 28 அம்பியரை இடைவிடாது தரக்கூடிய கலம் கடைகளில் அரிது. வேப்புக்குப் பாவிக்கும் நல்ல 18650 கலங்களின் அளவே பொதுவாக 15 முதல் 25 அம்பியர் வரைதான். தாங்கக்கூடியதைவிடக் கூட இழுத்தால் கலம் சூடேறும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே உள்ளிருக்கும் இரசாயனங்களைத் தூண்டி மேலும் சூட்டை உண்டாக்கும். பிறகு அதை நிறுத்த முடியாது.

மேலே சொன்ன கணக்கு பற்றரியைக் கொயிலோடு நேரடியாக இணைக்கும் கருவிகளுக்கு உரியது. இன்று கடைகளில் உள்ள பெரும்பாலான கருவிகளில் இடையே ஒரு மின்சுற்றுத் தட்டு இருக்கிறது. அது வாற்றைக் கட்டுப்படுத்தும், தடை அளவுக்கு மீறிக் குறைந்தால் வேலை செய்ய மறுக்கும். இப்படியான கருவிக்குச் சுலபமான கணக்கு: திரையில் வைக்கும் வாற்றை 3ஆல் பிரியுங்கள், வருவதைவிடக் கொஞ்சம் கூடவே வையுங்கள். 40 வாற்று என்றால் ஏறக்குறைய 14 அம்பியர். 60 வாற்று என்றால் 20ஐத் தாண்டும். ஒன்றுக்குப் பதில் இரண்டு கலம் போடும் கருவி என்றால் சுமை இரண்டுக்கும் சமமாகப் பங்குபடும். கட்டுப்பாட்டுத் தட்டே இல்லாத, வெறும் உலோகக் குழாய் போன்ற கருவிகளும் உண்டு. மெக்கானிக்கல் மொட் என்பார்கள். அதில் தவறு நடந்தால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அதை வாங்கவேண்டாம், யாராவது இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

இனி 18650 என்ற சொல்லுக்கு வருவோம். இது வெறும் அளவு: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். ரோர்ச் லைற்றிலும் பழைய லப்ரொப்பின் வயிற்றிலும் இருப்பது இதே அளவுக் கலந்தான். அளவு ஒன்றென்பதால் குணமும் ஒன்றென்று நினைப்பதில்தான் எம்மவர்கள் ஏமாறுகிறார்கள். சாம்சங் 35ஈ என்ற கலம் ஏறக்குறைய 3500 மில்லி அம்பியர் மணி கொள்ளளவு உடையது. ஆனால் தொடர்ச்சியாக 8 அம்பியர்தான் தரும். அதே நிறுவனத்தின் 25ஆர் 2500 மில்லி அம்பியர் மணி. தொடர்ச்சியாக 20 அம்பியர் தரும். பெரிய இலக்கத்தைப் பார்த்து முதலாவதை எடுத்து 60 வாற்றுக் கருவியில் போடுபவர், ஓட்டோவைக் கொண்டு லொறியை இழுக்கிறார். கொள்ளளவு என்பது தாங்கியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது. அம்பியர் என்பது குழாய் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பது. வேப்புக்கு இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் ஒரு பொய்யை உடனே கண்டுபிடிக்கலாம். 18650 அளவில் நிஜமாக வரக்கூடிய கொள்ளளவு 3500, 3600க்குக் கிட்டத்தான். இணையத்தில் "9900" என்றெல்லாம் எழுதிய கலங்கள் மூன்று நான்கு பவுணுக்குக் கிடைக்கின்றன. அவை போலி. வெளியுறையில் எதையும் அச்சடிக்கலாமல்லவா? எமது அண்ணரின் சோடியில் எரியாமல் மிஞ்சிய மற்றக் கலத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அக்கா அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார். 29 கிராம். நல்ல 18650 கலம் 45 கிராம் அளவில் இருக்கும்.

ஆனால் தரமான கலமாக இருந்தாலும் இந்தத் தனிக் கலங்கள் கைக்குக் கை மாற்றிப் பாவிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பாதுகாப்புச் சுற்றோடு ஒரு பெட்டிக்குள் அடைத்து, கருவிகளில் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டவை. தயாரிக்கும் பெரிய நிறுவனங்களே இவற்றைத் தனியாக வேப்பில் பாவிக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழுவும் 2021 ஜனவரியில் இதே எச்சரிக்கையை விடுத்தது. அதனால் எமது கருத்து இதுதான்: புதிதாகச் சிகரட்டை விடுபவர் பற்றரி உள்ளேயே பொருத்தப்பட்ட சிறு கருவியை வாங்கட்டும். தெரிவு செய்யும் தலையிடியே இல்லை.

"சின்னதில் எனக்குக் காணாது, நான் நாளுக்கு ஒரு பெட்டி பிடித்தவன்" என்று சொல்பவர்கள் உண்டு. இங்கேதான் ஒரு முக்கியமான விசயம் தவறவிடப்படுகிறது. உடம்பு கேட்பது நிக்கொற்றினை, புகைமூட்டத்தை அல்ல. பிரித்தானியாவில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி திரவத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் வரை நிக்கொற்றின் இருக்கலாம். ராங்க் 2 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளக்கூடாது. கூடச் சிகரட் பிடித்தவர் 3 மில்லிகிராம் திரவத்தை வாங்கிவிட்டு, அது காணாமல், வாற்றைக் கூட்டி, கொயிலை மாற்றி, பெரிய பற்றரி தேடிப் போகிறார். அவருக்குத் தேவைப்பட்டது சற்று வலுவான திரவமும் 1 ஓமுக்குக் கிட்டிய கொயிலும் 10 முதல் 15 வாற்றும்தான். அதற்கு 1000 மில்லி அம்பியர் மணி அளவிலான சிறு பற்றரி போதும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பற்றரியில் 12 வாற்றில் மூன்று செக்கன் வீதம் இழுத்தால் ஏறக்குறைய 370 இழுவை. அதையே 40 வாற்றில் இழுத்தால் 110. நடைமுறையில் இரண்டும் இன்னும் குறையும். எந்த அளவு திரவம் பொருந்தும் என்று உள்ளூர் புகைத்தல் நிறுத்தும் சேவையில் கேட்கலாம். இருதய நோய் உள்ளவர்கள் தம் வைத்தியரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளட்டும்.

எழுத்துப்பேனை போன்ற, ராங்கைத் திருகிப் பூட்டும் பற்றரியை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 650, 900, 1100 மில்லி அம்பியர் மணி என்று வரும். இவை 1.5, 2 ஓம் போன்ற கொயில்களுக்கென்றே வந்தவை. இவற்றில் 0.5 ஓம் கொயில் உள்ள புது ராங்கைப் பூட்டினால் நல்ல பற்றரி என்றால் வேலை செய்ய மறுத்து வெளிச்சத்தை மினுக்கும். மலிவானது மறுக்காது, சூடேறும். இரண்டாவதுதான் ஆபத்து.

இனிப் பொக்கற்றுக்கு வருகிறோம். 18650 கலத்தின் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. மேலே உள்ள சிறு பொத்தான் மட்டுமே நேர்முனை. இரண்டுக்கும் இடையே நிற்பது கடதாசிபோல் மெல்லிய ஒரு பிளாஸ்ரிக் உறையும் ஒரு சிறு வளையமும்தான். திறப்போ காசோ அந்த இரண்டையும் தொட்டுவிட்டால் கலத்தின் முழுச் சக்தியும் ஒரேயடியாகப் பாயும். கார்த் தரிப்பிடத்தில் நடந்தது இதுவே. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 இறுதி வரை அந்த நாட்டு ஊடகங்களில் வந்த 195 வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களை ஆராய்ந்தது. 133 பேருக்குக் காயம். அதில் 38 கடுமையானவை. பாதிக்கு மேற்பட்டவை பொக்கற்றில் இருக்கும்போது அல்லது பாவிக்கும்போது நடந்தவை. புளோரிடாவில் 2018இலும் டெக்சாஸில் 2019இலும் கருவி வெடித்து ஒவ்வொருவர் இறந்தார்கள். கோடிக்கணக்கானோர் பாவிக்கும் பொருளில் இது அரிய சம்பவம் என்பதும் உண்மை. ஆனால் மேலதிகக் கலத்துக்கான பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றிரண்டு பவுண்தான். உறையில் சிறு கிழிசல் தெரிந்தாலோ, கலம் விழுந்து நசுங்கினாலோ, தண்ணீரில் நனைந்தாலோ அதைப் பாவிக்கவேண்டாம். இரண்டு கலம் போடும் கருவியில் இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கி, எப்போதும் சோடியாகவே பாவித்து, சோடியாகவே சார்ஜ் பண்ணவேண்டும். பழையதையும் புதியதையும் கலந்தால் நலிந்தது அதிகம் வருந்தும்.

சார்ஜ் பண்ணும் விசயத்தில் எம் வீடுகளில் நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. படுக்கையறையில், தலையணைப் பக்கத்தில், யாருடையதோ வேகமான போன் சார்ஜரில், விடியவிடிய. கருவியோடு வந்த வயரையே பாவியுங்கள். அறிவுறுத்தல் தாளில் எத்தனை அம்பியர் என்று இருக்கிறதோ அதற்கு மேற்பட்ட பிளக்கில் போடவேண்டாம். தனிக் கலம் என்றால் அதற்கென்றுள்ள வெளிச் சார்ஜரில் போடுவது நல்லது. நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், சமையலறைக் கவுண்டர் போன்ற கெட்டியான இடத்தில், ஏறியதும் கழற்றிவிடுங்கள். படுக்கை, சோபா, கம்பளம் வேண்டாம். சுவாமி அறையில் பிளக் சும்மாதானே இருக்கிறது என்று விளக்குக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஒரு வீட்டையும் பார்த்தோம்.

அப்படியும் ஏதாவது நடந்தால்: வீட்டுக்குள் பற்றரி சீறினாலோ புகைத்தாலோ அதைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, 999க்கு அழையுங்கள். உடம்பில் சுட்டால் அந்த உடுப்பைக் கழற்றி, தோலில் ஒட்டியிருப்பதை மட்டும் இழுக்காமல், ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, நல்லெண்ணெய், மஞ்சள் எதுவும் பூசவேண்டாம். கலத்திலிருந்து வெளிவரும் திரவம் தோலை அரிக்கக்கூடியது. ஆகவே சிறு காயம் போலத் தெரிந்தாலும் வைத்தியசாலையில் காட்டி, "பற்றரியால் வந்த சூடு" என்று மறவாமல் சொல்லுங்கள். அண்ணர் கொப்புளத்துக்குப் பற்பசைதான் பூசியிருந்தார்.

விடுமுறைக்குப் போகும்போது வேப்பும் மேலதிகக் கலமும் கைப்பையில்தான் வரவேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் போடக்கூடாது. விமானத்துக்குள் பாவிக்கவும் கூடாது, சார்ஜ் பண்ணவும் கூடாது. இதைவிடப் பெரிய விசயம் இறங்கும் நாட்டுச் சட்டம். இந்தியா 2019இல் இலத்திரனியல் சிகரட்டுகளின் இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாவற்றையும் தடைசெய்தது. சென்னையில் கலியாணவீட்டுக்குப் போகிறவர் இதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகட்டும். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். வேறு எந்த நாட்டுக்குப் போவதானாலும், இடையில் இறங்கி மாறும் நாடானாலும், புறப்படமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பயண நாட்களுக்குப் பாச் அல்லது சுவிங்கம் வாங்கிக்கொண்டு போகலாம்.

பழுதான கலத்தை வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லொறியில் நசுங்கித் தீப்பிடிக்கும். வேப் விற்கும் கடைகள் பழைய கருவிகளைத் திரும்ப எடுக்கவேண்டும் என்பது இங்குள்ள விதி. கடை நடத்தும் எம்மவர்களும் இதைக் கவனத்தில் எடுக்கவும்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது அண்ணரும் பக்கத்தில் இருந்து கேட்டார். பெரிய கருவியை விடுவதற்கு முதலில் மனமில்லை. "அதிலை போற புகை இதிலை வராதே" என்றார். மூன்று நாள் பாவித்துப் பார்க்கட்டும் என்று சின்னக் கருவி ஒன்றும் சற்று வலுவான திரவமும் வாங்கினார்கள். இப்போது மூன்று மாதம் ஆகிறது. சிகரட் பக்கம் போகவில்லை. பகலில் சமையலறையில் சார்ஜ் ஏறுகிறது, அக்காவின் கண்ணுக்கு முன்னால். எரியாமல் மிஞ்சிய அந்த 29 கிராம் கலத்தின் இரண்டு முனையிலும் ரேப் ஒட்டி, அக்காவே கொண்டுபோய் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.